பெயரை மாற்றினால் எது உடையும்?

2021 மே மாதம் வெளிவந்த சிம்ஃபனி 5.3 பதிப்பில் ஒரு மெத்தட்டின் பெயர் மாறியது. சிம்ஃபனி என்பது பிஎச்பி மொழியில் இணையதளம் கட்டுவோர் பரவலாகப் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க். தளத்துக்குள் நுழைந்திருப்பவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் ‘கெட்யூசர்நேம்’ என்றொரு மெத்தட் இருந்தது. இனி அது ‘கெட்யூசர்ஐடென்டிஃபையர்’ என்றார்கள். காரணம் நியாயமானது. அந்த மெத்தட் திருப்பித் தருவது பயனர்பெயராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பல தளங்களில் அது மின்னஞ்சல் முகவரி, சிலவற்றில் நீளமான ஓர் அடையாள எண். பயனர்பெயருக்கென்று தனியாக ஒரு புலம் வைத்திருக்கும் தளங்களில் குழப்பம் இன்னும் மோசம்: உள்ளே நுழையப் பயன்படும் அடையாளமும் திரையில் காட்டும் பெயரும் ஒரே மெத்தட் பெயருக்காகப் போட்டி போட்டன. ஆனால் ஒரு பெயரைத் திருத்தும் இந்த வேலை ஒரே நாளில் முடியவில்லை. 5.3, 5.4 ஆகிய இரண்டு பதிப்புகளிலும் பழைய பெயரும் புதிய பெயரும் கூடவே இருந்தன. 2021 நவம்பரில் 6.0 வந்தபோதுதான் பழையது நீங்கியது. அந்த இடைக்காலம் ஏன் தேவைப்பட்டது, அதில் டெஸ்ட்களுக்கு என்ன வேலை என்று பார்த்தால், நிரலாளர்கள் அன்றாடம் செய்யும் ஒரு வேலைக்குள் இருக்கும் ஆபத்து தெரியவரும். என் வாதம் இதுதான்: இன்டர்ஃபேஸ் மெத்தட்டின் பெயர் மாறும்போது மிக மோசமான உடைசல்கள் சத்தமில்லாமல் நிகழ்கின்றன, அவற்றைச் சத்தம் போட வைப்பதில் டெஸ்ட்டுக்கு நிகரான கருவி நம்மிடம் இல்லை, ஆகவே நிரலில் பெயரை மாற்றிய கையோடு டெஸ்ட்களிலும் பழைய பெயரைத் துடைத்துவிடுவது தவறு.

முதலில் இன்டர்ஃபேஸ் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது ஒரு பெயர்ப் பட்டியல். ‘இந்தப் பெயர்களில் மெத்தட்கள் உன்னிடம் இருந்தால், உன்னை நான் பயனராக ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஃபிரேம்வொர்க் சொல்கிறது. பயனர்களின் விவரம் தரவுத்தளத்தில் இருக்கிறதா, ஒரு கோப்பில் இருக்கிறதா, வேறு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறதா என்பது அதற்குத் தேவையில்லை. பட்டியலில் உள்ள பெயரைச் சொல்லி அழைத்தால் பதில் வர வேண்டும், அவ்வளவுதான். சாதாரண நூலகத்துக்கும் ஃபிரேம்வொர்க்குக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நூலகத்தை நாம் அழைக்கிறோம். ஃபிரேம்வொர்க் நம்மை அழைக்கிறது. எனவே அதன் இன்டர்ஃபேஸில் உள்ள ஒவ்வொரு மெத்தட்டுக்கும் இரண்டு தரப்புகள் உண்டு. ஒன்று, அந்தப் பெயரைச் சொல்லி அழைப்பவர்கள். மற்றொன்று, அந்தப் பெயரில் மெத்தட்டை எழுதி வைத்திருப்பவர்கள். இந்த இரண்டாம் தரப்பினர் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிய நிரல் ஃபிரேம்வொர்க்கைப் பராமரிப்பவர்களின் கைக்கு ஒருபோதும் வராது. ஃபிரேம்வொர்க்குக்கும் தளத்துக்கும் நடுவே, வேறு யாரோ எழுதி வெளியிட்ட துணைத் தொகுப்புகளும் உண்டு. அவை சில இடங்களில் அழைப்பவை, சில இடங்களில் எழுதி வைத்திருப்பவை. பெயர் மாற்றம் இந்த எல்லாத் தரப்பையும் ஒரே நேரத்தில் தொடுகிறது.

பெயர் மாற்றுவது கருவிக்குரிய வேலை, மனிதனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நடத்தை மாறாமல் நிரலின் அமைப்பை மட்டும் மாற்றும் ‘ரீஃபேக்டரிங்’ முறையை வில்லியம் ஓப்டைக் 1992-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் முறைப்படி வகுத்தார். அதே பல்கலைக்கழகத்தில் ஸ்மால்டாக் மொழிக்காக அதைத் தானாகச் செய்யும் கருவியும் உருவானது. 1999-இல் மார்ட்டின் ஃபவுலரின் புத்தகம் இந்த முறைகளைப் பெயர் சூட்டிப் பட்டியலிட்டுப் பரப்பியது. மெத்தட் பெயரை மாற்றுவதும் அந்தப் பட்டியலில் ஒன்று. இன்று எந்த எடிட்டரிலும் இரண்டு விசையை அழுத்தினால் போதும், திட்டம் முழுக்கப் பெயர் மாறிவிடும். ஆனால் இந்தக் கருவிகள் எல்லாம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன: அழைப்பவர்களும் எழுதி வைத்திருப்பவர்களும் ஒரே திட்டத்துக்குள், கருவியின் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறார்கள் என்பதே அது. ஃபிரேம்வொர்க்கில் அந்த அனுமானம் பொய்க்கிறது. டேனி டிக், ரால்ஃப் ஜான்சன் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையோடு காட்டியது. ஜாவாவில் எழுதப்பட்ட நான்கு ஃபிரேம்வொர்க்குகளையும் ஒரு நூலகத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பழைய செயலிகளை உடைத்த மாற்றங்களை வகைப்படுத்தினார்கள். அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் ரீஃபேக்டரிங் வகையைச் சேர்ந்தவை. உள்ளே இருந்து பார்த்தால் ‘நடத்தை மாறவில்லை’. வெளியே இருந்தவருக்குச் செயலி ஓடவில்லை.

உடைவதிலும் இரண்டு வகை உண்டு. சத்தத்தோடு உடைவதைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். பிஎச்பியில் ஓர் இன்டர்ஃபேஸில் புதிதாக ஒரு மெத்தட்டைச் சேர்த்தால், அந்த இன்டர்ஃபேஸை ஏற்று எழுதப்பட்ட, ஆனால் அந்த மெத்தட் இல்லாத எல்லா கிளாஸ்களும் அந்தக் கணமே செயலிழந்து நிற்கும். ஜாவா 2014-இல் தன் எட்டாம் பதிப்பில் இதற்கு வழி கண்டது: இன்டர்ஃபேஸுக்குள்ளேயே இயல்பான ஒரு வடிவத்தை எழுதி வைக்கலாம், பழைய கிளாஸ்கள் அதைப் பெற்றுக்கொள்ளும். பிஎச்பியில் அந்த வசதி இல்லை. ஆகவே சிம்ஃபனி 5.3-இல் புதிய பெயரை இன்டர்ஃபேஸின் உடலுக்குள் எழுதவில்லை; அதன் தலைப்பில் உள்ள விளக்கக் குறிப்பில் ‘இப்படி ஒரு மெத்தட் இருக்க வேண்டும்’ என்று எழுதி வைத்தார்கள். மொழிக்கு அது வெறும் குறிப்புரை. ஆனால் உருவாக்கச் சூழலில் கிளாஸ்களை ஏற்றும் சிம்ஃபனியின் கருவி அந்தக் குறிப்பைப் படித்து, மெத்தட் இல்லாத கிளாஸைப் பெயர் சொல்லி எச்சரிக்கும். ஃபிரேம்வொர்க்கின் உள்ளே, பயனரை அடையாளம் கேட்கும் இடங்களில் ‘புதிய பெயரில் மெத்தட் இருக்கிறதா? இருந்தால் அதை அழை, இல்லையென்றால் பழையதை அழை’ என்ற ஒற்றை வரிச் சோதனையும், ‘6.0-இல் இதை மாற்ற வேண்டும்’ என்ற குறிப்பும் சேர்ந்தன. பார்க்க அழகாக இல்லை. ஆனால் இரு தரப்பும் ஒரே நாளில் மாற முடியாத இடத்தில் நேர்மையான வழி அதுதான். கிளாஸ் பெயரை மாற்றுவது இதைவிட எளிது. அதே பதிப்பில் ‘பயனர்பெயர் கிடைக்கவில்லை’ என்ற பிழைக்கான கிளாஸின் பெயர் ‘பயனர் கிடைக்கவில்லை’ என்று மாறியது. ஒரே கிளாஸுக்கு இரண்டு பெயர் தர பிஎச்பியில் ஏற்பாடு உண்டு என்பதால் அங்கே ஒரு மாற்றுப்பெயர் போதுமானதாக இருந்தது. இன்டர்ஃபேஸ் மெத்தட்டுக்கு அப்படி மாற்றுப்பெயர் வைக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பெயரில் எழுதுபவர் வேறொருவர்.

சத்தமில்லாமல் உடைவதற்கு நல்ல உதாரணம் பைத்தான் மொழியின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க். 2013 நவம்பரில் வந்த ஜாங்கோ 1.6-இல் ஒரு சீர்படுத்தல் நடந்தது. தரவுத்தளத்திலிருந்து பதிவுகளை எடுத்துத் தரும் மெத்தட்டுக்கு அதுவரை ஜாங்கோவின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு பெயர். பக்கங்களை உருவாக்கும் கிளாஸ்களில் ‘கெட்_க்வெரிசெட்’. மேனேஜர் எனப்படும் கிளாஸ்களில் நடுவே இன்னோர் அடிக்கோட்டோடு ‘கெட்_க்வெரி_செட்’. நிர்வாகப் பகுதியில் வெறும் ‘க்வெரிசெட்’. மூன்றையும் முதல் பெயருக்குக் கொண்டுவருவது என்று முடிவெடுத்தார்கள். மேனேஜர்களில் போக வேண்டியது ஓர் அடிக்கோடு மட்டுமே. இப்போது இந்த மேனேஜரை ஒரு தளம் எதற்குப் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். ‘நீக்கப்பட்டது’ என்று குறியிட்ட பதிவுகளையோ, இன்னும் வெளியிடாத கட்டுரைகளையோ, வேறொரு வாடிக்கையாளருக்குச் சொந்தமான ஆவணங்களையோ யாரும் பார்க்கக் கூடாது. அதற்காக அந்தத் தளத்தின் நிரலாளர் மேனேஜரை விரித்து, பழைய பெயரில் ஒரு மெத்தட் எழுதி, அதற்குள் வடிகட்டியைப் போட்டிருப்பார். ஃபிரேம்வொர்க் ஒரு நாள் பழைய பெயரை விட்டுவிட்டுப் புதிய பெயரை மட்டும் அழைக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? பிழை வராது. அடிப்படை கிளாஸில் புதிய பெயரில் ஒரு மெத்தட் இருக்கிறதே! அது ஓடும், வடிகட்டாமல் எல்லாப் பதிவுகளையும் எடுத்துத் தரும். தளத்தின் நிரலாளர் எழுதிய மெத்தட் அதே கோப்பில், அதே வரியில், யாராலும் அழைக்கப்படாமல் கிடக்கும். பக்கம் திறக்கும், வேகமாகவே திறக்கும். மறைத்து வைத்த பதிவுகள் மட்டும் வெளியே தெரியும்.

இந்த வகை உடைசலை நான் முதன்மையாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அழைக்கும் பக்கத்தில் பெயர் தவறினால் மொழியே கத்தும்: அப்படி ஒரு மெத்தட் இல்லை என்று செயலி நிற்கும், நிரலாளர் ஓடி வருவார், திருத்துவார். எழுதி வைத்திருக்கும் பக்கத்தில் பெயர் தவறினால், மேலே ஓர் இயல்பான வடிவம் இருக்கும் வரை, மொழிக்குப் புகார் சொல்ல எதுவுமில்லை. யாரும் அழைக்காத மெத்தட் வைத்திருப்பது எந்த மொழியிலும் குற்றமல்ல. பாதுகாப்புக்காகத் தாய் கிளாஸின் மெத்தட்டை மாற்றி எழுதும் மேலெழுதல்கள்தான் இப்படிச் செயலற்றுப் போகும்போது அதிகச் சேதம் செய்யும், ஏனென்றால் பாதுகாப்பு இல்லாமல் போனது பக்கத்தைப் பார்த்தால் தெரியாது.

ஜாங்கோ குழு இதை எப்படிக் கையாண்டது என்பது நிரல் எழுதும் எவரும் படிக்க வேண்டிய ஒன்று. எளிதாகத் தோன்றும் வழி, அடிப்படை கிளாஸில் பழைய பெயரை வைத்து, அது புதியதை அழைக்கும்படி எழுதுவது. பழைய பெயரைச் சொல்லி அழைப்பவர்களை அது காப்பாற்றும். பழைய பெயரில் மேலெழுதியவர்களைக் காப்பாற்றாது. சரி, புதியது பழையதையும் அழைக்கட்டும் என்றால், இரண்டும் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டே முடிவில்லாமல் சுழலும். ஆகவே அவர்கள் ஒரு படி மேலே போனார்கள். பைத்தானில் ஒரு கிளாஸ் உருவாகும் தருணத்திலேயே குறுக்கிட முடியும். அதற்கு மெட்டாகிளாஸ் என்று பெயர். ‘ரீநேம்மெத்தட்ஸ்பேஸ்’ என்ற மெட்டாகிளாஸை எழுதினார்கள். ஒரு கிளாஸ் உருவானதும் அதன் மூதாதையர் வரிசை முழுவதையும் அது ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஓரிடத்தில் பழைய பெயர் மட்டும் இருந்தால், அதே மெத்தட்டைப் புதிய பெயரிலும் ஒட்டிவிட்டு, ‘இதற்குப் பெயர் மாற்றுங்கள்’ என்று எச்சரிக்கும். புதிய பெயர் மட்டும் இருந்தால், பழைய பெயரில் எச்சரிக்கையோடு கூடிய ஓர் உறையைச் செய்து வைக்கும். அழைப்பவர் பழையவரா புதியவரா, எழுதியவர் பழையவரா புதியவரா என்ற நான்கு சேர்க்கையும் இதனால் வேலை செய்தன. இதற்கென எழுதப்பட்ட டெஸ்ட்களில்தான் இந்த விஷயத்தின் ஆழம் தெரிகிறது. தாய் கிளாஸ் புதியது, சேய் பழையது. தாய் பழையது, சேய் புதியது. பல கிளாஸ்களில் சேர்த்துக்கொள்ளும் மெத்தட் தொகுதியான மிக்ஸின் ஒன்று நடுவில் புகுந்தால் என்ன. சேய் தன் தாயின் மெத்தட்டை அழைத்தால் எது ஓடும், எத்தனை எச்சரிக்கை வரும் என்று ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனி டெஸ்ட். ஓர் அடிக்கோட்டை நீக்குவதற்கு இவ்வளவும் தேவைப்பட்டது. 1.6-இல் மென்மையாகத் தொடங்கிய எச்சரிக்கை 1.7-இல் உரத்துக் கேட்டது. 2015 ஏப்ரலில் வந்த 1.8-இல் பழைய பெயர் நீக்கப்பட்டது.

இப்போது டெஸ்ட்களுக்கு வருவோம். பெயரை மாற்றியவுடன் டெஸ்ட்களை ஓட்டினால் திரை சிவப்பாகும். அதைப் பார்த்ததும் கை தானாகத் தேடல்-மாற்றல் கட்டளைக்குப் போகிறது: டெஸ்ட் அடைவு முழுக்கப் பழைய பெயருக்குப் பதில் புதிய பெயர். மீண்டும் ஓட்டினால் பச்சை. வேலை முடிந்தது போலத் தெரியும், ஆனால் முடிந்தது எதுவென்று யோசிக்க வேண்டும். மாற்றத்துக்கு முன் அந்த டெஸ்ட்கள் ஒவ்வொன்றும் ‘பழைய பெயரில் எழுதிய ஒருவரின் நிரல் ஓடுகிறது’ என்பதற்குச் சாட்சியாக இருந்தன. மாற்றத்துக்குப் பின் அவை ‘புதிய பெயரில் எழுதியவரின் நிரல் ஓடுகிறது’ என்று மட்டுமே சொல்கின்றன. உலகில் இருக்கும் எல்லாத் தளங்களும் அந்த நிமிடத்தில் பழைய பெயரில்தான் இருக்கின்றன. அவற்றுக்காகப் பேச ஒரு டெஸ்ட்டும் இல்லை. சிம்ஃபனியின் வழக்கம் இந்தப் பிழையைத் தவிர்க்கிறது. பொதுவான டெஸ்ட்கள் புதிய பெயருக்கு மாறும். அவற்றோடு, பழைய பெயரையே பயன்படுத்தும் டெஸ்ட்கள் ‘மரபு’ என்று குறியிட்ட தனிக் குழுவாக வைக்கப்படும். அந்தக் குழுவில் உள்ள டெஸ்ட் இரண்டைச் சரிபார்க்கலாம்: பழைய பெயர் இன்னும் சரியான விடை தருகிறதா, தரும்போது கைவிடல் எச்சரிக்கை, எதிர்பார்த்த வாசகத்தில், எழுகிறதா. பழைய பெயரை நீக்கும் நாளில் அந்தக் குழுவை அப்படியே நீக்கிவிடலாம். எதை நீக்க வேண்டும் என்று தேட வேண்டியதே இல்லை.

டெஸ்ட்களைத் திருத்துவதிலும் நுணுக்கம் இருக்கிறது, குறிப்பாக மாக் எனப்படும் போலிப் பொருள்களில். உண்மையான பயனருக்குப் பதிலாக, இன்டர்ஃபேஸைக் காட்டி ‘இதைப் போல ஒன்றைச் செய்து கொடு’ என்று டெஸ்ட் கருவியிடம் கேட்பது வழக்கம். பிஎச்பியின் டெஸ்ட் கருவியான பிஎச்பியூனிட், இன்டர்ஃபேஸில் இல்லாத மெத்தட்டுக்குப் பதில் சொல்லித்தர முயன்றால் மறுத்துவிடும். நல்ல குணம். ஆனால் 5.3-இல் புதிய பெயர் குறிப்புரையில்தானே இருக்கிறது, இன்டர்ஃபேஸின் உடலில் இல்லையே. ஆகவே இன்டர்ஃபேஸிலிருந்து நேராகச் செய்த மாக்குக்குப் புதிய பெயரே தெரியாது. அப்படிப்பட்ட டெஸ்ட்டைப் பெயர் மாற்றி மட்டும் திருத்த முடியாது. மாக்கை விட்டுவிட்டு, இரண்டு பெயரும் உள்ள ஓர் உண்மையான கிளாஸை வைத்து எழுத வேண்டும். பைத்தானில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. அங்கே சாதாரண மாக் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாலும் பதில் தரும். பழைய பெயரைச் சொல்லுங்கள், புதிய பெயரைச் சொல்லுங்கள், எழுத்துப்பிழையோடு சொல்லுங்கள், எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும். மெத்தட்டின் பெயர் மாறி, அழைக்கும் நிரல் பழையபடியே இருந்தாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். தளம் மட்டும் விழும். சரிபார்க்கும் மெத்தட்களின் பெயர்களையே பிழையாக எழுதி, அதனால் எதையும் சரிபார்க்காத டெஸ்ட்கள் தேறிப்போகும் நிலை இருந்ததால், 2015-இல் வந்த பைத்தான் 3.5-இல் அந்த வகைப் பெயர்களைப் பிழையாகக் கருதும்படி மாக்கையே திருத்த வேண்டி வந்தது. மாக் செய்யும்போது எந்த கிளாஸைப் போல இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லிவிட்டால், இல்லாத பெயருக்கு அது பதில் தராது. பெயர் மாற்றத்தில் இறங்கும் முன் இந்த ஒன்றைச் செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் டெஸ்ட்கள் தரும் பச்சைக்கு மதிப்பில்லை.

எந்த எடிட்டரும் எந்த மாக்கும் எட்டாத இடங்களும் உண்டு. சிம்ஃபனியோடு வரும் ட்விக் வார்ப்புருக்களில் பயனரின் பெயரைக் காட்ட ‘ஆப் புள்ளி யூசர் புள்ளி யூசர்நேம்’ என்று எழுதுவார்கள். அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது மெத்தட்டா, புலமா என்று எழுதும்போது யாருக்கும் தெரியாது. பக்கம் உருவாகும் நேரத்தில் ட்விக் தேடிப் பார்க்கும், ‘கெட்யூசர்நேம்’ இருந்தால் அழைக்கும். 6.0-க்கு மாறிய தளத்தின் நிரலாளர், இனித் தேவையில்லை என்று அந்த மெத்தட்டைத் தன் கிளாஸிலிருந்து நீக்கினால், உருவாக்கச் சூழலில் பிழை தெரியும். ஆனால் இல்லாத பெயரைப் பிழையாகக் கருதும் கண்டிப்பு, சிம்ஃபனியின் இயல்பான அமைப்பில், நேரடித் தளத்தில் அணைந்திருக்கும். அங்கே பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை ஒரு முறையாவது திறந்து பார்க்கும் டெஸ்ட் இருந்தால் வெளியிடும் முன்பே தெரிந்துவிடும். மொழிபெயர்ப்புக் கோப்புகளும் இப்படித்தான். ‘பயனர் கிடைக்கவில்லை’ என்ற பிழைச் செய்தி பழைய பெயரிலும் புதிய பெயரிலும் உள்ள இடநிரப்பிகளைச் சேர்த்தே நிரப்பித் தருகிறது. தளங்களின் மொழிபெயர்ப்புகள் இதில் எதைப் பயன்படுத்துகின்றன என்று ஃபிரேம்வொர்க்கால் அறிய முடியாது.

இவ்வளவு சுமை எதற்கு, பெரிய பதிப்பு எண் மாறும்போது உடைக்கலாம் என்பதுதானே விதி, ஒரே அடியாக மாற்றிவிட்டுக் குறிப்பில் எழுதிவிடலாமே என்பது வலுவான மறுப்பு. விதி அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒரே அடியாக மாற்றினால் நடுவில் இருக்கும் துணைத் தொகுப்புகளுக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. அவை பழைய பதிப்பில் இருக்கும் தளங்களுக்கும் புதிய பதிப்புக்குப் போன தளங்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். இரண்டு பெயரும் வாழும் ஒரு பதிப்பு இருந்தால்தான் அந்தத் தொகுப்பு முதலில் மாறும், அதை நம்பிய தளம் பிறகு மாறும். இடைக்காலம் இல்லையென்றால் எல்லாரும் ஒரே நாளில் மாற வேண்டும். உலகில் அப்படி ஒரு நாள் வருவதில்லை. மேலும், மாற்றக் குறிப்பைப் படிக்காதவருக்கும் எச்சரிக்கை போய்ச் சேர வேண்டும். அது எங்கே கேட்கும்? பைத்தான் 2010-இல் வந்த 2.7 முதல் இத்தகைய எச்சரிக்கைகளைச் சாதாரண ஓட்டத்தில் பெரும்பாலும் மறைத்து வைக்கிறது, ஆனால் அதன் டெஸ்ட் ஓட்டி 3.2 முதல் அவற்றைக் காட்டுகிறது. சிம்ஃபனியின் டெஸ்ட் துணைக்கருவி எல்லா எச்சரிக்கைகளையும் திரட்டி, எது உங்கள் நிரலிலிருந்து வந்தது, எது நீங்கள் நம்பும் தொகுப்பிலிருந்து வந்தது என்று பிரித்துக் கடைசியில் காட்டும். வேண்டுமானால் எச்சரிக்கை வந்தாலே டெஸ்ட் தோற்கும்படி அமைக்கலாம். டெஸ்ட் எழுதாத தளத்தின் செவியில் இந்தக் குரல் விழுவது அரிது.

இரண்டு பெயரையும் வைத்திருந்தால் ஒருபோதும் நீக்க மாட்டீர்கள் என்ற கவலை எனக்கும் உண்டு. பைத்தானின் டெஸ்ட் கருவியே இதற்குச் சான்று. இரண்டு மதிப்பும் சமமா என்று பார்க்கும் மெத்தட்டுக்கு, ஆங்கிலத்தில் கடைசியில் ஒரு ‘எஸ்’ கூடிய மாற்றுப்பெயர் ஒன்று இருந்தது. அது கைவிடப்படும் என்று 2011-இல் வந்த 3.2 பதிப்பில் அறிவித்தார்கள். நீக்கியது 2023 அக்டோபரில் வந்த 3.12-இல். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அது நீங்கியதால் உடைந்த டெஸ்ட்கள் இருந்தன. நீண்ட இடைக்காலம் கருணை போலத் தெரிந்தாலும், எப்போது நீக்குவோம் என்று தேதி சொல்லாத எச்சரிக்கையை மக்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. சிம்ஃபனியின் ஏற்பாடு எனக்கு இதைவிடச் சரியாகப் படுகிறது: எந்தப் பதிப்பில் நீங்கும் என்பது எச்சரிக்கை பிறக்கும்போதே தெரியும், ‘கெட்யூசர்நேம்’ ஆறே மாதத்தில் நீங்கவும் செய்தது, அவகாசம் வேண்டுவோருக்குப் பழைய பெயரை வைத்திருக்கும் 5.4 பதிப்பு, பிழைத்திருத்தங்களோடு 2024 நவம்பர் வரை இருந்தது.

பெயரை மாற்றாமலே விட்டுவிடலாமா என்ற கேள்விக்குச் சில இடங்களில் ஆமாம் என்பதே விடை. எச்டிடிபியில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று சொல்லும் தலைப்பின் பெயர் எழுத்துப்பிழையோடு 1996-இல் வெளியான ஆவணத்திலேயே பதிந்துவிட்டது. கோடிக்கணக்கான சர்வர்களையும் உலாவிகளையும் ஒரே எச்சரிக்கையால் எட்ட முடியாது. பிழையோடே அது வாழ்கிறது, யாருக்கும் அதனால் தீங்கில்லை. ஜாவாஸ்கிரிப்டில் அடுக்குக்குள் அடுக்கைத் தட்டையாக்கும் மெத்தட்டுக்கு 2018-இல் முதலில் நினைத்த பெயரை வைக்க முடியவில்லை, ஏனென்றால் மூடூல்ஸ் என்ற பழைய ஃபிரேம்வொர்க் அதே பெயரில் ஏற்கெனவே ஒன்றைச் சேர்த்திருந்தது. அதை நம்பிய பழைய தளங்கள் உடையும் என்பதால் குறுகிய வேறு பெயரைத் தேர்ந்தார்கள். சரியான முடிவு. எச்சரிக்கை சென்றடையாத இடத்தில் பெயரை மாற்றக் கூடாது. சென்றடையும் இடத்திலும், பெயர் தவறான புரிதலைத் தருகிறதா என்று பார்க்க வேண்டும். மின்னஞ்சலைத் தரும் மெத்தட்டுக்குப் பயனர்பெயர் என்று பெயர் இருந்தால், அதை நம்பி ஒருவர் மின்னஞ்சலைப் பொதுப் பக்கத்தில் காட்டிவிடக்கூடும். அந்தப் பெயரை மாற்றியே ஆக வேண்டும். அடிக்கோடு ஒன்று கூடுதலாக இருப்பது அந்த அளவுக்கு அவசரமல்ல. ஆனால் ஒரே கருத்துக்கு மூன்று பெயர் இருந்தால், தவறான பெயரில் மேலெழுதிவிட்டு ஏன் ஓடவில்லை என்று தேடும் நிலை வரும். ஜாங்கோவின் மாற்றமும் அதனால் நியாயமே.

மொழிகளும் கைகொடுக்கத் தொடங்கியிருக்கின்றன. ‘இது மேலே உள்ள மெத்தட்டை மேலெழுதுகிறது’ என்று நிரலாளர் அறிவிக்கும் குறியை ஜாவா 2004-லேயே தந்தது. மேலே அப்படி ஒன்று இல்லையென்றால் தொகுப்பான் நிறுத்திவிடும். பைத்தான் 3.12, பிஎச்பி 8.3 இரண்டும் 2023-இன் கடைசி மாதங்களில் இதே குறியைக் கொண்டுவந்தன. பிஎச்பியில் மொழியே சரிபார்க்கிறது. பைத்தானில் தனியாக ஓட்டும் வகைச் சரிபார்ப்பி பார்க்கிறது. சத்தமில்லாத உடைசலை இது பெருமளவு சத்தமுள்ளதாக்கும். ஆனால் குறியை எழுத வேண்டியவர் தளத்தின் நிரலாளர். அவர் எழுதியிருக்கிறாரா என்று ஃபிரேம்வொர்க் அறியாது. வார்ப்புருவில் உள்ள பெயரையும் இது தொடாது. எனவே பழைய பெயருக்கான டெஸ்ட்டின் தேவை குறையவில்லை.

இதைப் படிக்கும் நிரலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிறர் எழுதி நிரப்பும் ஒரு மெத்தட்டின் பெயரை மாற்றும்போது, டெஸ்ட் அடைவில் தேடல்-மாற்றலை ஓட்டுவதற்கு முன், பழைய பெயரில் மட்டும் மேலெழுதிய ஒரு கிளாஸை டெஸ்ட்டுக்குள் எழுதுங்கள். அதற்குள் ஒரு வடிகட்டியைப் போடுங்கள். ஃபிரேம்வொர்க் வழியாக அதை அழைத்து, வடிகட்டி வேலை செய்கிறதா, எச்சரிக்கை எழுகிறதா என்று பாருங்கள். அந்த டெஸ்ட் தேறும் வரை மாற்றத்தை வெளியிடாதீர்கள். பழைய பெயரை நீக்கும் பதிப்பு வரும் வரை அந்த டெஸ்ட்டை நீக்காதீர்கள்.